வெறும் வயிற்றுக்கு ஒரு நாட்டுப்பழம்

எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் ஒரு கட்சி, அம்மாவும் அண்ணனும் இன்னொரு கட்சி. கட்சி பிரிந்தது கொள்கையால் அல்ல, உடம்புவாகால். அப்பாவுக்கு அகன்ற தோள், உப்பிய கன்னம். அவர் உட்கார்ந்தால் நாற்காலி ஒருமுறை முனகும். அவரை உரித்து வைத்த மாதிரி நான். அம்மா ஒல்லி, அண்ணன் அம்மாவைவிட ஒல்லி. வண்ணார்பேட்டையிலிருந்து நாலு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனால், இரண்டு குடும்பங்கள் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கின்றன என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. டவுனில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அதிகாலையில் அம்மா காப்பியோடு எழுப்பப் போயிருக்கிறாள், அவர் எழுந்திருக்கவில்லை. தலையணை வேர்வையில் நனைந்து கிடந்ததாம். அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கார் சாவியோடு ஓடிவந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார். ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இப்போது கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஸ்டென்டைப் பற்றித் தானே வாங்கிப் பொருத்தியது போலப் பேசுவார்.

அம்மாவுக்குத்தான் அந்த விடியற்காலை முடியவே இல்லை. அவள் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இந்த நோய் பருத்த உடம்புக்கு வருகிறது, அந்த உடம்பு மகளுக்கு வந்திருக்கிறது, ஆகவே அடுத்தது மகள். இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடியைப் பார்த்தால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றிலிருந்து என் காலை திட்டோடுதான் விடிந்தது. “ஏட்டி, எந்தி. இன்னும் என்ன உறக்கம்? எருமை கணக்கா கெடக்கா பாரு.” இருட்டு பிரிவதற்கு முன்பே நானும் அம்மாவும் கொக்கிரகுளம் பாலம் வரை நடப்போம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போனாலும் நடை, பாறை தெரியக் கிடந்தாலும் நடை. மழை பெய்தால் குடையோடு நடை. பரீட்சை நாளில் மட்டும் பாதித் தூரம். கையில் புத்தகம் வைத்துக்கொண்டு நடந்து, ஒருமுறை பால்காரர் சைக்கிள் மேல் விழுந்தேன்.

சாப்பாட்டில் இன்னும் கொடுமை. எங்கள் பக்கத்துச் சொதியைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், தேங்காயை மூன்று தடவை பிழிந்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்குவார்கள். அம்மா மேலாக அள்ளுகிற கெட்டிப்பால் அண்ணன் தட்டுக்குப் போகும். அடியில் கிடக்கும் முருங்கைக்காயும் கேரட்டும் எனக்கு. அவனுக்குப் பருப்புச்சோற்றில் குழி தோண்டி நெய், எனக்கு மோர். கடையிலிருந்து அப்பா அல்வா வாங்கிவந்தால் அண்ணனுக்கு இலையோடு, எனக்கு விரல் நுனியில் ஒரு துணுக்கு. கேட்டால், “அவனுக்கு எங்கட்டி ஒட்டுது? திங்கட்டும். காத்தடிச்சா பறந்துருவான்” என்பாள். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மெல்லுவான். அவன் நல்லவன்தான். ஆனால் அல்வா விஷயத்தில் ராட்சசன்.

அண்ணன் படிப்பை முடித்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கத் தொடங்கியிருந்தான். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. காலையில் எல்லோருக்கும் கடைசியில் எழுவான், சாயங்காலம் புரோட்டாவும் சால்னாவும் வீடு தேடி வரும். இரண்டு அளவு பெரிய சட்டை போடுவான், ஒல்லியாகத் தெரிவது கூச்சமாம். அந்தச் சட்டைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பாவின் இதய டாக்டர் ஒரு விஷயம் சொல்லியனுப்பினார். பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது, இளவயதிலேயே மாரடைப்பு வந்தவர்களின் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள், காசு கிடையாது, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வரலாமே என்று. பிள்ளைகள் என்று அவர் பன்மையில்தான் சொன்னார். அம்மா எனக்கு மட்டும் நாள் குறித்தாள்.

“அண்ணனும் போகலாமே” என்றார் அப்பா.

“அவன்கிட்ட ரத்தம் எடுத்தா அவனுக்கு மிச்சம் என்ன இருக்கும்? இவளைக் கூட்டிட்டுப் போகட்டும், போதும்” என்றாள் அம்மா.

காலையில் வெறும் வயிற்றோடு, விரதமாக வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியிருந்தார்கள். இதைக் கேட்டதும் அம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஏனென்றால் விரதம் எங்கள் வீட்டுப் பாடம். அப்பா பிழைத்ததற்காக அம்மா குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, வருஷா வருஷம் தசராவுக்கு வீடே விரதம் இருக்கும். எங்கள் வீட்டு விரதத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. சோறு, இட்லி, தோசை கூடாது. பழம் சாப்பிடலாம், பால் குடிக்கலாம். கருப்பட்டிக் காப்பியை யாரும் சாப்பாட்டில் சேர்த்ததே இல்லை. அது மூச்சு விடுகிற மாதிரி.

ஆகவே அந்தக் காலையில் குளித்து, திருநீறு பூசி, ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பியும் இரண்டு நாட்டுப்பழமும் உள்ளே தள்ளிவிட்டு, சுத்தமான வெறும் வயிற்றோடு நான் புறப்பட்டேன். மயக்கம் வரக்கூடாதே என்று அம்மா கிளம்பும்போது இன்னொரு பழத்தையும் உரித்துக் கொடுத்தாள். எனக்கு இப்படி ஒரு உபசாரம் கிடைப்பதே அபூர்வம், அதனால் நான் எதையும் கேட்கவில்லை.

அண்ணனைக் கடைசி நிமிஷத்தில் எழுப்பி, பல் தேய்க்க வைத்து, பைக் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா பதறிப்போய், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிகளை ஒரு டப்பாவில் அடைத்து என் மடியில் வைத்தாள். “இவளுக்கு ரத்தம் எடுக்கிற நேரத்துல நீ ஓரமா உக்காந்து சாப்புடுலே. பச்சப்பிள்ளை, காலையில ஒண்ணும் திங்கலை.” பச்சப்பிள்ளைக்கு மீசை இருந்தது.

ரத்தம் எடுக்கிற அறையில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“ஒண்ணும் சாப்பிடாமத்தானம்மா வந்திருக்க?”

“ஒண்ணும் சாப்பிடலைக்கா. காப்பியும் பழமும்தான்.”

பட்டை கழன்றது. “அப்போ அதை எங்க வச்சிருக்க, பையிலயா?”

நான் எங்கள் வீட்டு விரத விதிகளை விளக்கினேன். அந்த அக்கா சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், ஆராய்ச்சி நடத்துகிற டாக்டரம்மாவிடம் சொல்ல, அவர் சிரிப்பதும் கேட்டது. இன்னொரு நாள் வரவேண்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான் என்று எனக்குப் பாடம் நடந்தது. வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

இதற்குள் வெளியே பெஞ்சில் அண்ணன் இட்லி டப்பாவின் மூடியைத் திறந்திருந்தான். வெளியே வந்த டாக்டரம்மா அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “கூடப் பிறந்தவரா? தம்பி, காலையில இருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல டாக்டர். இப்பதான்...”

“மூடுங்க அதை.”

இட்லியை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி அவன் விழித்த விழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதே அப்பாவின் பிள்ளைதானே நீங்களும், வந்ததற்கு உங்களிடம் எடுத்துக்கொள்கிறோம், சம்மதமா என்று கேட்டார். அண்ணனுக்கு ஊசி என்றால் பயம், அதைவிட ஒரு பெண் முன்னால் பயம் என்று சொல்ல அதிகப் பயம். சம்மதித்துவிட்டான். சட்டையைத் தூக்கி இடுப்பில் டேப் வைத்து அளந்தபோதுதான் நானும் பார்த்தேன். குச்சி கை, குச்சி கால், நடுவில் மட்டும் தேங்காயை விழுங்கியது போல ஒரு தொப்பை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் நான் நிஜமான வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து, பெற்றவர்களில் ஒருவரோடு இரண்டு பேரும் வாருங்கள் என்று போன் வந்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்தாள். பஸ்ஸில் என் கையை விடவே இல்லை. அண்ணன் பின் சீட்டில் முறுக்கு கடித்துக்கொண்டு வந்தான்.

டாக்டரம்மா பாளையங்கோட்டைக்காரர். எங்கள் பேச்சு அவருக்கு நன்றாக வரும். என் ரிப்போர்ட்டைப் பார்த்து, “உனக்கு இப்போதைக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எடையைக் கொஞ்சம் குறைக்கணும், அவ்வளவுதான்” என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “தம்பி, உங்ககிட்டதான் பேசணும்” என்றார். சர்க்கரை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது, அடிபோனெக்டின் என்ற ஒன்று ரொம்பக் குறைவாக இருக்கிறது.

அம்மா எழுந்தே விட்டாள். “டாக்டரம்மா, ரத்தம் எடுத்த குழாயை மாத்தி வச்சிருப்பாவ. நல்லாப் பாருங்க. இவளைப் பாருங்க, அவனைப் பாருங்க. கண்ணு இருக்குல்லா!”

என் உடம்பை இப்படிச் சாட்சிக்கு நிறுத்தியது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் டாக்டரம்மா கோபப்படவில்லை. “வேற வேற நாள்ல எடுத்ததும்மா. உங்க மக அன்னைக்கு வாழைப்பழம் சாப்பிட்டுட்டு வந்தாளே” என்றார். சந்தேகம் தீர அண்ணனிடம் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு அம்மாவை உட்கார வைத்து, பொறுமையாகச் சொன்னார்.

“கொழுப்புன்னா சும்மா தேங்கிக் கெடக்குறதுன்னு நெனைக்கோம். அப்படி இல்ல, அது வேலை பாக்குற உறுப்பு. ரத்தத்துல என்னென்னமோ அனுப்பிக்கிட்டே இருக்கும். அதுல நல்லது ஒண்ணு இந்த அடிபோனெக்டின். கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிறதுக்கு ஒருத்தர் நிப்பாருல்லா? இந்த இலைக்குச் சோறு வரலை, அங்கன விளம்புன்னு சொல்லிக்கிட்டே போவாரு. அந்த மாதிரி, சர்க்கரை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர இது உதவி செய்யும். ரத்தக்குழாய் புண்ணாகாம பாத்துக்கிடும்.”

“கொழுப்புல இருந்து வர்றதுன்னா குண்டா இருக்கவங்களுக்குத்தான கூட இருக்கணும்?” என்று நான் கேட்டேன். இத்தனை வருஷம் சுமந்ததற்கு ஒரு பலன் வேண்டாமா?

“அதுதான் வேடிக்கை. கொழுப்பு கூடக் கூட இது குறையும். அதுலயும் வயித்துக்குள்ள, குடலைச் சுத்திச் சேருது பாரு, அதுதான் மோசம். வெளிய இருந்து பாத்தா தெரியாது. ஒல்லியா இருக்கவங்க வயித்துக்குள்ளயும் அது இருக்கலாம்.” அப்புறம் அம்மாவைப் பார்த்து, “இது நோய் இல்லம்மா. இந்த ஒரு நம்பரை மட்டும் வச்சு யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. ஆனா சர்க்கரை, கொழுப்பு, அப்பாவுக்குச் சின்ன வயசுல வந்தது, எல்லாம் ஒரே பக்கமா கை காட்டுது. இப்ப கவனிச்சா திருப்பிரலாம். விட்டா அப்பா வந்த வழியிலதான் வருவாரு” என்றார்.

கடைசியில் என்னிடம், “நீ தினம் நடக்கியாம்மா?” என்று கேட்டார்.

“நானா நடக்கலை டாக்டர். இவுகதான் திட்டித் திட்டி நடத்துதாவ.”

“அது உனக்கு நல்லது செஞ்சிருக்கு” என்றார்.

இரண்டாவது தடவை எடுத்த ரத்தமும் அதையேதான் சொன்னது. அப்பாவின் உடம்பு எனக்கு வந்திருந்தது. அதற்குள் இருந்த ஆபத்து, வழியில் இறங்கி, அண்ணனிடம் போய்விட்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் முதல் நாள் எனக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். சாயங்காலம் அப்பா அண்ணன் அறைக்குப் போய், கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். எதற்கும் கலங்காத மனுஷன், மகனுடைய ஒல்லிக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கொண்டாட்டம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் எனக்கு ஒரே ஒரு அண்ணன்.

அதன் பிறகு வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. அம்மாவால் அண்ணனைத் திட்ட முடியவில்லை. காலையில் அவன் அறைவாசலில் போய் நிற்பாள். “தம்பி, நடக்கப் போலாமாய்யா?” என்று பைய ஒரு குரல் கொடுப்பாள். அவன் புரண்டு படுப்பான். “தூங்குதான், பாவம்” என்று திரும்பிவிடுவாள். நெய்க் கிண்ணம் பழக்கத்தில் அவன் தட்டுக்கு மேல் போய் நிற்கும். அங்கே போன பிறகுதான் டாக்டரம்மா சொன்னது நினைவு வரும். ஊற்றவும் முடியாது, எடுக்கவும் முடியாது. எனக்கானால் யோசனையே கிடையாது, கரண்டி தானாகப் பின்வாங்கிவிடும்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் கையை உதறிவிட்டுச் சொன்னான்.

“எம்மா, என்னால தானா எந்திக்க முடியலை. எனக்குப் பயமா இருக்கு. அவளைத் திட்டுன மாதிரி என்னையும் திட்டும்மா.”

அம்மா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “உன்னை எப்படிலே திட்டுவேன்? திட்டிப் பழக்கமில்லையே” என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “இவளுக்கு என்ன ஆகிருமோன்னு பயந்து பயந்து வளத்தேன். உன்னைப் பத்திப் பயப்படணும்னு எனக்குத் தோணவே இல்லையே. யாரை நெனைச்சுப் பயந்தேனோ அவ நல்லா இருக்கா. பாத்துப் பாத்து ஊட்டுன பிள்ளைக்கு நானே இப்படிப் பண்ணிட்டேனே.”

“நீ ஒண்ணும் பண்ணலைம்மா. புரோட்டாவும் சால்னாவும் நீயா வாங்கிக் குடுத்த?” என்றான் அண்ணன். நான் என் பங்குக்கு, அவன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றேன். ஏதாவது செய்யவேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலையில் தெருவே விழித்துக்கொண்டது. “ஏலே, எந்திலே! சூரியன் வந்து மூஞ்சில அடிக்கணுமா? கழுதை கணக்கா கெடக்கான் பாரு!” பக்கத்து வீட்டு அண்ணாச்சி சாவியோடு வந்து நின்றார், என்னவோ ஏதோ என்று. நான் போர்வைக்குள் கிடந்து சிரித்தேன். எங்கள் வீட்டில் எனக்கல்லாத முதல் திட்டு அது. சந்தோஷமாக இன்னொரு பக்கம் புரள்வதற்குள், “ஏட்டி, உனக்குத் தனியா வெத்தலை பாக்கு வைக்கணுமா?” என்று போர்வை பறந்தது.

அன்றிலிருந்து பாலம் வரை மூன்று பேர். சில நாள் அப்பாவும் சேர்ந்து நாலு பேர். அண்ணன் முதலில் மூச்சு வாங்கினான், பிறகு எங்களை விட்டுவிட்டு முன்னால் ஓட ஆரம்பித்தான். சொதியின் கெட்டிப்பால் யாருக்கும் இல்லாமல் போயிற்று. அடியில் கிடக்கும் காய்கறிக்கு இப்போது போட்டி. ஒரு வருஷம் கழித்துப் போனபோது அவனுடைய சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து விலகிப் போயிருந்தது. அந்தப் பந்தி விசாரிக்கிற ஆளும் கொஞ்சம் தலை காட்டியிருந்தார். “ரொம்ப இல்ல, ஆனா நல்ல பக்கமா திரும்பியிருக்கு. விட்டுராதீங்க” என்றார் டாக்டரம்மா.

போன வருஷம் அண்ணனைச் சென்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அம்மா அப்போதும் அவனை விடவில்லை. தினமும் நாங்கள் நடக்கப் போவதற்கு முன்னால் போன் போட்டுத் திட்டுகிறாள். எருமை, கழுதை எல்லாம் அறுநூறு கிலோமீட்டர் தாண்டிப் போய் அவனை எழுப்புகின்றன.

ஒரு நாள் அவன் போனை எடுக்கவில்லை. அம்மா மறுபடி அடித்தாள். மறுபடியும் எடுக்கவில்லை. நான் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் எனக்குத் தெரிந்த முகம்தான். அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோன அன்று, சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது தலையணைப் பக்கத்தில் நின்றிருந்த முகம். மூன்றாவது தடவை அவன் எடுத்து, “குளிச்சுட்டு இருந்தேம்மா” என்றான். அம்மா அன்றைக்குத் திட்டவில்லை. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே திரும்பி, அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“எந்திச்சிட்டான்.”

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான், இத்தனை வருஷமாக விடியற்காலையில் அவள் என்னிடம் வந்து எதைத் தெரிந்துகொண்டு போனாள் என்பது எனக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் அவள் வருகிற சத்தம் கேட்டதும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முன்னைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு, அவள் திட்டுகிற வரைக்கும் காத்திருப்பதில்லை. “முழிச்சிட்டேம்மா” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.